லாம்

எண் இருநூற்றுப் பதினான்கு என்றாள்.
எந்த இருநூற்றுப் பதினான்கு என்று கேட்டேன்.
ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் மசோதாக்கள்
ஒன்றிலிருந்துதான் எண்ணத் தொடங்கும்,
போன அவையோடு பேச்சுவார்த்தையே இல்லாததுபோல.
இந்தக் கட்டடத்தில் இருநூற்றுப் பதினான்குகள் ஏராளம்.
ஒன்று தேன்பெட்டிக்கு வரி போட வந்தது.
ஒன்று ஞாயிற்றுக்கிழமை பந்தாட அனுமதி கேட்டது.
ஒன்றுக்குத் தலைப்பு மட்டும் உண்டு, உள்ளே வெறுந்தாள்.

அகஸ்டா நகரம், மெய்ன் மாநிலம், மார்ச் கடைசி.
அவள் பூட்ஸில் சாலை உப்பு வெளுத்திருந்தது.
டெல்ஃபீன் சீர். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
நாளைக் காலை ஒன்பதுக்குக் குழுவின் முன்னால்
மூன்று நிமிடம் பேச நேரம் வாங்கியிருக்கிறாள்.

"அணையில் படி கட்டவேண்டும் என்று
அந்தக் காலத்திலேயே சட்டம் இருந்தது என்கிறது ஊர்.
அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது ஆலை."

மனிதர் ஏறும் படியல்ல.
பனி உடைந்ததும் கடலை விட்டுப் புறப்பட்டு
பிறந்த ஏரிக்கு முட்டையிடத் திரும்பும்
ஏல்வைஃப் மீன்களுக்கான படி.
ஸ்டில்வெல் அணையின் சுவரில் அவை
மே மாதம் முழுக்க முட்டிக்கொண்டிருக்கும்,
ஊருக்குள் கேட்கும் என்றாள்.
நம்பவில்லை. குறித்துக்கொண்டேன்.

அட்டவணைத் தொகுதிகளை இறக்கினேன்.
'மீன்' என்று தேடினால் 'அணைகள்' காண்க என்றது.
அணைகளில் 'ஆலைகள்' காண்க.
ஆலைகளில் 'மீன்' காண்க.
அவள் சிரித்தாள். எனக்கு வரவில்லை,
அந்த அட்டவணை இங்கே வேலை பார்த்த யாரோ செய்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதில் இல்லை.
மைக்ரோஃபிலிம் கருவி இரண்டு முறை சூடாகி நின்றது.
முப்பத்தொன்றில் இருந்தது. நீல உறை,
வெங்காயத்தோல் போன்ற தாள்,
மூலையில் ஒரு குண்டூசி, துரு.

மூன்றாம் பிரிவு:
அணையின் உரிமையாளர் மீன்படி அமைக்க வேண்டும்.
'அமைக்க வேண்டும்' மேல் ஒரு பென்சில் கோடு.
நடுங்காத கை.
ஓரத்தில் சின்னதாக: அமைக்கலாம்.

பெயரில்லை, தேதியில்லை.
குழு அறிக்கையில் 'சிறு திருத்தங்களுடன்' என்றிருந்தது.
ஏப்ரலில் நிறைவேறியது, எதிர்ப்பே இல்லாமல்.

சட்டப் புத்தகம் வென்ற சொல்லை மட்டும் அச்சிடும்.
தோற்ற சொல்லைப் பார்க்க
இங்கேதான் வரவேண்டும், வார நாட்களில்,
எட்டு முதல் ஐந்து வரை.

"அப்படியானால் ஊர் சொன்னது பொய்யா?"
இல்லை.
"ஆலை சொன்னது?"
அதுவும் இல்லை.
அவள் நாற்காலியில் சாய்ந்து
மேற்கூரைக் குழல்விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு, இப்போதைய மசோதாவைக் காட்டு என்றாள்.
திரையில் திறந்தேன். மூன்றாவது வடிவம், இன்று காலையுடையது.
புதுச் சொற்களுக்குக் கீழே கோடு, போகிற சொற்களுக்கு நடுவே கோடு.
நாலாம் பிரிவு வரும்வரை
விரல் நகத்தால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே வந்தாள்.
வேண்டும்.
இன்னும் இருந்தது. மணி நாலு பத்து.

"காலையிலும் இருக்குமா?"
திருத்தங்களை இரவு வரைக்கும் தரலாம் என்றேன்.
என் வாயிலிருந்து வந்த 'லாம்' இருவருக்கும் கேட்டது.

ஐந்து பக்கம், பக்கத்துக்கு இருபத்தைந்து காசு.
சில்லறையாகவே எண்ணி வைத்தாள்.
பென்சில் கோடு நகலில் சரியாக விழவில்லை,
கறுப்பைக் கூட்டி மறுபடி எடுத்துக் கொடுத்தேன்.
அதற்குக் காசு வாங்கவில்லை.

நான் எந்தப் பக்கமும் சேரக் கூடாதவன்.
பணி நியமன உத்தரவிலேயே எழுதியிருக்கிறது.
அவள் போனபின் அந்தத் திரையை
ஆறு மணி வரை மூடாமல் வைத்திருந்தேன்.
உறையைத் திரும்ப வைக்குமுன்
துருவேறிய குண்டூசியை மெல்ல உருவினேன்.
தாளில் ஒரு பழுப்பு வட்டம் மிஞ்சியது.
அதை உருவ யாருடைய ஒப்புதலும் வேண்டாம்.